பக்கத்து வீட்டுக்குப் போன மூச்சு

கதவைத் தட்டிய வேகத்திலேயே, வந்திருப்பது துணி தைக்கக் கொடுக்க வந்தவர் இல்லை என்று தையல்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள், துணியை ஊசிக்கடியிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்த் திறந்தாள். கொட்டுகிற மழையில் குடைகூட இல்லாமல் நின்றிருந்தார் ஹார்டுவேர் கடைக்காரர்.

அவர் பக்கத்து வீடுதான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் ஒரு மிஷினால் வந்த வினை.

தையல்காரம்மாவின் கணவர் கிரானைட் பட்டறையில் கல்லுக்குப் பாலிஷ் போட்டவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பாலிஷ்காரர்தான். பாதி ஆயுள் கல்தூசியில் நின்றதில் நுரையீரல் இறுகிவிட்டது. நாலு எட்டு நடந்தால் உதடு நீலம் பாரித்துவிடும். இவர்கள் போகிற சர்ச் சபையில் எல்லோரும் சேர்ந்து, இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாமல், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் ஒன்றை வாங்கி வந்து வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் உயிர் அந்தப் பெட்டியிலிருந்து வரும் மெல்லிய டியூபில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டி சத்தம் போடும். இரவும் பகலும் உர்ரென்று ஓடி, நடுநடுவே பெருமூச்சு விடும். சந்துக்கு அந்தப் பக்கம் கடைக்காரரின் படுக்கையறை. முதலில் ஜன்னல் வழியே கத்தினார். பிறகு போலீஸில் புகார் கொடுத்தார். வந்த போலீஸ்காரர் பாலிஷ்காரரின் மூக்கிலிருந்த டியூபைப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லவே கூச்சப்பட்டுத் திரும்பிப் போனார். கடைக்காரர் விடவில்லை. சந்தில் தன் பக்கமாக ஆளுயரத்துக்கு மேல் தகரத்தை நிறுத்தினார். சத்தம் குறைந்ததோ இல்லையோ, இவர்கள் அறைக்கு வந்துகொண்டிருந்த காற்று நின்றுபோனது.

அந்த மனிதர்தான் இப்போது வாசலில் நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் இருக்காரா?"

"மூக்குல டியூப் மாட்டிக்கிட்டு எங்க போவாரு? உள்ளதான் இருக்காரு. இன்னைக்கு என்ன, சத்தம் ரொம்ப அதிகமா இருக்கா?"

அவர் தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அவர் பின்னால் தலையில் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு நர்ஸம்மா ஓடி வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள். காலையில் வெள்ளத்தில் பாலத்தின் தூண் ஒன்று இறங்கிவிட, போலீஸ் பாலத்தையே மூடிவிட்டதால் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தாள்.

"அக்கா, இவரு பொண்ணுக்கு ரொம்ப முடியல. ரெண்டு நாளா சளி, காய்ச்சல்னு இருந்திருக்கா. இப்ப மூச்சே விட முடியல. விரல்ல மீட்டர் மாட்டிப் பாத்தேன், ஆக்சிஜன் எண்பதுக்குக் கீழ போயிட்டே இருக்கு. ஆம்புலன்ஸ் அணைக்கட்டு ரோடு சுத்தித்தான் வரணும். வழியில மரம் விழுந்து கிடக்காம். எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியல."

"அதுக்கு?" என்று கேட்டாள் தையல்காரம்மா. எதற்கு என்று கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்குக் கேக்கவே வாய் வரலக்கா. உங்க மிஷின் கிடைச்சா அவளைப் பிடிச்சு நிறுத்திடலாம்."

"அப்ப இவரு?"

"சின்ன சிலிண்டர் ஒண்ணு வச்சிருக்கீங்கல்ல, கரண்ட் போனா மாட்டுறதுக்கு? அண்ணன் கொஞ்சமாத்தான் இழுக்கிறாரு. அவருக்கு அது சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அவளுக்கு முழு வேகத்துல வைக்கணும். சிலிண்டரை அவளுக்குக் குடுத்தா கொஞ்ச நேரத்துல காலியாயிடும்."

"சாயங்காலத்துக்குள்ள ஆம்புலன்ஸ் வரலேன்னா?"

நர்ஸம்மா பொய் சொல்லத் தெரியாதவள். பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

தையல்காரம்மா வாசல் நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "முடியாது" என்று சொல்லத்தான் போனாள். அதற்குள் உள்ளே உர்ரென்ற சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். பாலிஷ்காரர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை சுவிட்சின் மேல் இருந்தது. இன்னொரு கையால் மூக்கிலிருந்த டியூபைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க!"

"சிலிண்டரை... எடு."

"உங்களுக்குப் பைத்தியமா? யாருக்குக் குடுக்கிறோம்னு தெரியுதா?"

"தெரியும். பொண்ணுக்கு." அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சைத் தேடினார். "சண்டை போட நேரமில்ல. எடு."

அவள் சிலிண்டரை இழுத்து வந்து மாட்டினாள். அவசரத்தில் திருகு இரண்டு முறை வழுக்கியது. காற்று சீறி அவர் மூக்குக்குள் போன பிறகுதான் அவளுக்கும் மூச்சு வந்தது. அதற்குள் கடைக்காரர், அந்த அறைக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர், ஈரக்காலோடு உள்ளே வந்து பெட்டியைத் தூக்கிவிட்டார். தூக்கியவர் பாலிஷ்காரரைப் பார்க்கவேயில்லை. கண்ணைத் தரையில் வைத்தபடி ஓடினார்.

"ஆம்புலன்ஸ் வந்ததும் நானே கொண்டுவந்து வச்சிடறேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே நர்ஸம்மாவும் பின்னால் ஓடினாள்.

அறை அமைதியானது. அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. ஸ்டூலை இழுத்து சிலிண்டருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அதன் கழுத்தில் கடிகாரம்போல ஒரு மீட்டர். முள் பச்சையில் இருந்தது, ஆனால் நிறையப் பச்சை இல்லை.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?" என்றாள்.

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் மரச்சிலுவை தொங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"அங்க பாக்காதீங்க. என்னைப் பாருங்க. சபையில உங்களுக்குன்னு வாங்கிக் குடுத்தது அது. அந்தாளுக்குக் குடுக்கச் சொல்லி இல்ல."

"குடுத்தவங்க... நம்மகிட்ட எதாவது கேட்டாங்களா?"

"கேக்கல."

"நாம நல்லவங்களான்னு பாத்தாங்களா?"

"பேசாதீங்க. பேசினா காத்து செலவாகுது" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

வெளியே மழை விடவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, பழகிப்போன அந்த உர்ர் சத்தம் மெலிதாகக் கேட்டது. தன் வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டிலிருந்து கேட்பது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்கிறவரை ஒரு தைரியம் இருந்தது. மிஷின் பக்கத்தில்தான் இருக்கிறது, கூப்பிடு தூரம்.

பிற்பகலில் அந்தச் சத்தம் நின்றது. கூடவே வண்டி ஒன்று உறுமியது.

அவள் வாசலுக்கு ஓடினாள். கடையின் லோடு வண்டி தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தது. அதற்குள் கடையில் விற்கிற ஜெனரேட்டர் ஒன்று தடதடவென்று புகை விட்டது. அதன் பக்கத்தில் மெத்தை போட்டு, மெத்தையில் அந்தப் பெண். அவள் தலையை மடியில் வைத்திருந்தாள் நர்ஸம்மா. அந்தப் பெண்ணின் மூக்கிலிருந்து போன டியூப் பாலிஷ்காரரின் பெட்டியில் முடிந்தது.

"அண்ணே! நில்லுங்க! அண்ணே!"

வண்டி நிற்கவில்லை. நர்ஸம்மா கையை ஆட்டி எதையோ கத்தினாள். ஜெனரேட்டர் சத்தத்தில் ஒரு எழுத்தும் காதில் விழவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பி, அணைக்கட்டு ரோட்டுப் பக்கம் போகாமல், செங்கல் சூளை வழியாகச் சுற்றி அணைக்கட்டுக்கே போய்ச் சேரும் மண்பாதையில் இறங்கியது.

தையல்காரம்மா நடுத்தெருவில் செருப்பில்லாமல் நின்றாள். பிறகு உள்ளே வந்து போனை எடுத்தாள். மணி அடித்தது, கடைக்காரர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும். எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாமலேயே, ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

"யாருக்கு?" என்றார் அவர்.

"உங்க தர்மத்தை வாங்கிட்டுப் போனவருக்கு. மிஷினோட போயிட்டாரு. சொல்லக்கூட இல்ல."

அவர் கண்ணை மூடினார். பயந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் பயந்து அவள் அதிகம் பார்த்ததில்லை. கல் அறுக்கிற சக்கரம் உடைந்து பறந்த அன்றுகூட வீட்டுக்கு வந்து சிரித்தபடி சொன்னவர். இப்போது போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"பொண்ணு... உயிரோட இருந்தாளா?"

"இருந்தா."

"சரி."

"என்ன சரி? எது சரி?" அவள் போனைக் கட்டிலில் எறிந்தாள். "திரும்பி வரும்னு நெனச்சுத்தானே குடுத்தீங்க? இப்ப வராது. என்ன பண்ணப் போறீங்க?"

"திரும்பி வரும்னு நெனச்சு... குடுக்கல. வந்தா நல்லாருக்கும்னு... நெனச்சேன். அவ்வளவுதான்."

முள் சிவப்பைத் தொட்டது. அவள் குமிழைக் கொஞ்சம் குறைத்தாள். குறைத்ததும் அவர் தோள்கள் ஏறி இறங்க ஆரம்பித்தன. கழுத்துக் குழி உள்வாங்கியது. கூட்டினால் சீக்கிரம் தீரும், குறைத்தால் அவர் தவிப்பார். தன் ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் அவர் உயிரை இவ்வளவு, இவ்வளவு என்று அளந்து விடுகிற வேலை தனக்கு வந்ததே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொங்கியது. அழவில்லை. உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடும்படி அவருக்குக் காட்டினாள். அவள் ஊத, அவரும் ஊதினார். மெழுகுவத்தியை அணைக்காமல் ஆட்டி மட்டும் பார்க்கிற பிள்ளைகளைப்போல, இரண்டு பேரும் முகத்துக்கு முகம் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

ஜெபம் பண்ணலாம் என்று பார்த்தாள். வாயில் திட்டுதான் வந்தது. ஆண்டவரே, இந்த மனுஷனை இப்படிப் பழக்கி வச்சது நீர்தானே, இப்ப வந்து பாரும். சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டு கிளம்பி வாரும். அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை. போதகர் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார்.

அவர் கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. விரல்கள் சில்லென்று இருந்தன.

"உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார்.

"இப்ப எதுக்கு அது?"

"என் மூச்சுன்னு நெனச்சு... தூக்கிக் குடுத்துட்டேன். அது உன்னோடதும்தான். எனக்குத் தோணவேயில்ல."

அவ்வளவு நேரம் கட்டிவைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். சிலிண்டரின் சீற்றம் குறைந்துகொண்டே வந்தது. முள் அடியில் படுத்துவிட்டது.

அவரைத் தன் மேல் சாய்த்து உட்காரவைத்தாள். அவர் தலை அவள் தோளில் விழுந்தது. உதடு நீலமாகி, நீலம் சாம்பலானது. "ஊதுங்க. நான் சொல்றேன்ல, ஊதுங்க" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கண் பாதி மூடியது.

வாசலில் யாரோ கதவை எட்டி உதைத்ததுபோல் திறந்தார்கள். ரெயின்கோட் போட்ட ஆள் ஒருவர் தோளில் பெரிய சிலிண்டரோடு உள்ளே வந்தார். பின்னால் இன்னொருவர் ஸ்ட்ரெச்சரோடு.

"பாலிஷ்காரர் வீடு இதானே? அம்மா, நகருங்க, நகருங்க."

முகமூடி அவர் முகத்தில் ஏறியது. காற்று புஸ்ஸென்று பாய்ந்தது. தையல்காரம்மா சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள். ஒரு மூச்சு. இன்னொன்று. சாம்பல் நிறம் போக வெகுநேரம் பிடித்தது, ஆனால் போனது.

"உங்களை யாரு கூப்பிட்டது?" என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குன்னுதாங்க கிளம்பினோம். மரத்தை வெட்டித் தள்ளிட்டு வர்றதுக்குள்ள, பொண்ணை வேற வழியில கொண்டுபோறோம்னு நர்ஸம்மா போன் பண்ணாங்க. திரும்பிடாதீங்க, பக்கத்து வீட்டுல ஒருத்தரு காத்து இல்லாம இருப்பாரு, நேரா அங்க போங்கன்னாங்க. உங்களுக்கும் போட்டாங்களாம், லைன் பிசியாவே இருந்துச்சாம். அப்புறம் டவரே கிடைக்கலையாம்."

கட்டிலில் எறிந்திருந்த போனை அவள் பார்த்தாள். கோபத்தில் தான் அடித்த போன்தான் அந்த நல்ல செய்தியை உள்ளே விடாமல் நின்றிருக்கிறது. அதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று யோசிக்க நேரமில்லை. தையல் மிஷினில் கிடந்த சீருடையை ஒரு துணியால் மூடிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

பாலிஷ்காரர் ஆண்கள் வார்டில் கிடந்தார். ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து வருகிற ஆக்சிஜன் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. மேல் மாடியில் பெண்கள் வார்டில் கடைக்காரரின் மகள். அவளுக்கு நிமோனியா என்றும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை நழுவிப் போயிருப்பாள் என்றும் நர்ஸம்மா வந்து சொன்னாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போனதற்காகத் தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைக்காரர் மட்டும் கண்ணில் படவில்லை. ஒருமுறை மாடிப்படியில் எதிரே வந்தவர், தையல்காரம்மாவைப் பார்த்ததும் எதையோ மறந்ததுபோல் திரும்பி மேலேயே ஏறிப் போய்விட்டார். அவரிடம் கேட்க அவள் நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். குளிக்கும்போதும், வரிசையில் மருந்துக்கு நிற்கும்போதும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துப் பார்த்து, அது நன்றாகக் கூர் தீட்டப்பட்டிருந்தது.

வாரம் ஒன்று போனது. ஒரு காலையில் டாக்டர் பாலிஷ்காரரின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல மிஷின் இருந்தா கூட்டிட்டுப் போகலாம். இல்லேன்னா கிடைக்கிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அன்று மதியமே கடைக்காரர் வந்தார். கையில் அந்தப் பெட்டி. சவரம் செய்யாத முகம். சட்டை ஒரு சுற்றுப் பெரிதானதுபோல் தொங்கியது. பெட்டியைக் கட்டிலருகே வைத்தார்.

"வண்டி குதிச்சதுல அடிச் சக்கரம் ஒண்ணு உடைஞ்சிடுச்சு. மத்தபடி நல்லா ஓடுது."

தையல்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது.

"அன்னைக்கு நான் உங்களுக்குச் சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றார் அவர், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "சொன்னா நீங்க தடுப்பீங்கன்னு பயந்தேன். இவரு செத்துப்போவாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வண்டியை எடுத்தேன்."

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். தையல்காரம்மாவின் காது சூடாகியது. அறைந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் தீட்டி வைத்திருந்த எதுவும், அவர் தானாகச் சொன்ன அந்த ஒரு சொல்லுக்குமேல் கூராக இல்லை.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"பேசறா. வீட்டுக்குப் போகலாம்னுட்டாங்க. மேல வார்டுல படுக்கை இல்ல, ரெண்டு பேரை ஒரே கட்டில்ல போடறாங்க. ஆனா வீட்டுல கொஞ்ச நாள் ஆக்சிஜன் வைக்கணுமாம். நானும் மிஷினுக்குச் சொல்லி வச்சிருக்கேன். பாலம் சரியாகாம சரக்கு வராதுன்றாங்க." சொன்னவர், தான் கேட்பதாக நினைத்துவிடுவார்களோ என்று அவசரமாகக் கையை ஆட்டினார். "அதுக்காகச் சொல்லல. இது உங்களோடது. நான் வேற வழி பாத்துக்கறேன்."

தையல்காரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் பார்த்ததும் முகத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இந்த முறை அவர் கை எந்தச் சுவிட்சின் மேலும் இல்லை.

அவள் ஜன்னல் வரை நடந்து போனாள். பள்ளி திறப்பதற்குள் முடிக்க வேண்டிய சீருடைகள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. இவர் இங்கேயே இருந்தால் அந்த வேலை போய்விடும். அடுத்த வருடமும் கொடுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரித் தரையில் படுத்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்த ஆள் வேறு, இவர் சாவார் என்று தெரிந்தே வண்டியை எடுத்தவர். எல்லாவற்றையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். எதையும் மன்னித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்து பெட்டிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க. பின்னாடி இந்த மூடியைத் திறந்தா ஒரு பஞ்சு இருக்கும். வாரா வாரம் சோப்புத் தண்ணியில அலசி, நல்லாக் காய வச்சு மாட்டணும். ஈரத்தோட மாட்டினீங்கன்னா மிஷின் போச்சு. இந்தக் குப்பியில கொதிச்சு ஆறின தண்ணிதான் ஊத்தணும். புரியுதா?"

அவர் குனிந்தபடியே அவளைப் பார்த்தார். "எதுக்கு எனக்குச் சொல்றீங்க?"

"பின்ன யாருக்குச் சொல்றது? வீட்டுல ராத்திரி நீங்கதானே பாத்துக்கணும். இவருக்குச் சுவத்துலருந்து வருது. அவளுக்குத்தான் இல்ல."

"எப்ப... எப்பத் திருப்பித் தரட்டும்?"

"அதை நான் கேட்டேனா?"

கடைக்காரர் அந்த மூடியைத் தானே ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். பெட்டியைத் தூக்கினார். கதவு வரை போனவர், நின்று, "சோப்புத் தண்ணி வாரா வாரம்" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பாலிஷ்காரர் முகத்தைத் திருப்பினார். கண் ஓரம் ஈரமாக இருந்தது.

"கோபம் போயிடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிக் குடுத்த?"

"கோபம் இருக்கும்போது குடுக்கக் கூடாதுன்னு உங்க ஆண்டவர் எங்கயாச்சும் சொல்லியிருக்காரா?"

அவர் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அவள் எழுந்து அவர் முதுகை நீவிவிட்டாள். இருமல் அடங்கியதும், பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி, சீருடை தாமதமாகும், வேண்டுமானால் வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காகத் தாழ்வாரத்துக்குப் போனாள்.